பல த்ரெட்டுகள் ஓடும் பின்னணி சர்வரில் ஃபோர்க் செய்த சேய் ப்ராசஸ் சில வேளைகளில் உறைந்து நிற்பது ஏன்?

கேள்வி

வணக்கம். வாகனங்களில் பொருத்தப்பட்ட ஜிபிஎஸ் கருவிகள் அனுப்பும் தகவல்களை டிசிபி வழியாகப் பெற்றுத் தரவுத்தளத்தில் சேர்க்கும் ஒரு பின்னணி சர்வரைப் பராமரிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தது. நிரல் சி மொழியில் எழுதப்பட்டது. டெபியன் 12-இல், சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் கீழ் ஓடுகிறது. தொடங்கும்போது முதன்மை த்ரெட் (ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் இழைகளுள் முதலாவது) சிக்ஹப், சிக்இன்ட், சிக்டெர்ம், சிக்சைல்ட் ஆகிய நான்கு சிக்னல்களையும் தடுத்துவிட்டு, எபோல் மூலம் இணைப்புகளைக் கவனிக்கும் 16 வேலை த்ரெட்டுகளையும், தடுத்த சிக்னல்களை சிக்வெயிட் மூலம் வாங்கிக் கையாளும் தனி த்ரெட் ஒன்றையும் உருவாக்குகிறது. அவசரப் பொத்தான் அழுத்தப்பட்டது, வாகனம் எல்லை தாண்டியது போன்ற செய்திகள் வந்தால், அதைப் பெற்ற வேலை த்ரெட் ஃபோர்க் செய்கிறது, அதாவது ப்ராசஸின் நகலாக ஒரு சேய் ப்ராசஸை உருவாக்குகிறது. சேய் ப்ராசஸ் பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதி, செட்ஆர்லிமிட் மூலம் சிபியு நேர வரம்பு விதித்து, குறுஞ்செய்தி அனுப்பும் ஷெல் ஸ்கிரிப்டை எக்ஸெக் செய்கிறது (தன் நிரலுக்குப் பதிலாக அதை ஏற்றி ஓட்டுகிறது).

பெரும்பாலும் எல்லாம் சரியாகவே நடக்கிறது. ஆனால் காலையிலும் மாலையிலும் வாகனங்கள் மிகுதியாக ஓடும் நேரத்தில், பிஎஸ் பட்டியலில் சர்வரின் பெயரிலேயே இரண்டாவது ப்ராசஸ் ஒன்று தோன்றி அப்படியே நின்றுவிடுகிறது. அது சிபியு எதையும் எடுத்துக்கொள்வதில்லை. தூங்கும் நிலையிலேயே இருக்கிறது. அப்படி ஒன்று நிற்கும்போது, சர்வர் துண்டித்துவிட்டதாகப் பதிவு செய்த இணைப்புகளைக் கருவிகள் இன்னும் உயிரோடு இருப்பதாகவே கருதி, அவற்றின் வழியே தகவல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. நின்றுபோன அந்த ப்ராசஸை கில் -9 கொடுத்து முடித்தால், அடுத்த நொடியே அக்கருவிகள் புதிதாக இணைகின்றன. சில நாட்களில் தாய் ப்ராசஸில் ஒரு சிபியு கோர் 100 விழுக்காட்டில் சுழல்கிறது. கெர்னல் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் வைத்துப் பார்த்தால் எபோல்-வெயிட் உடனுக்குடன் திரும்புவதும், அதைத் தொடர்ந்து வரும் ரீட் அழைப்பு இபேட்எஃப் (செல்லாத கோப்பு எண்) பிழையோடு தோற்பதுமே மாறி மாறி ஓடுகின்றன.

சர்வரை நிறுத்தும்போது ஒன்றரை நிமிடம் பிடித்ததால், எனக்கு முன் பராமரித்தவர் சிஸ்டம்டி யூனிட் கோப்பில் கில்மோட் என்ற அமைப்பை ப்ராசஸ் (முதன்மை ப்ராசஸை மட்டும் நிறுத்து) என்று மாற்றி வைத்திருக்கிறார். அதன்பின் நிறுத்தம் விரைவாக முடிந்தாலும், மறுபடி தொடங்கும்போது முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற பிழை சில வேளைகளில் வருகிறது. முகவரியை மறுபடி பயன்படுத்த அனுமதிக்கும் எஸ்ஓ-ரியூஸ்அட்ரஸ் போட்டிருந்தும் வருகிறது. இவற்றோடு தொடர்புடையதா என்று தெரியாத இன்னொன்றும் உண்டு: மிக அரிதாக, ஒரு கருவிக்குப் போக வேண்டிய ஒப்புகைச் செய்தி வேறொரு கருவிக்குப் போய்விடுகிறது.

இவை தனித்தனிப் பிழைகளா, அல்லது ஒரே இடத்திலிருந்து கிளம்புபவையா? எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும்?

மறுமொழி 1

கடைசியாகச் சொன்ன ஒப்புகைச் சிக்கலைத் தவிர மற்ற அனைத்துக்கும் வேர் ஒன்றே என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதியதில் முக்கியமான வாசகம், சேய் ப்ராசஸ் பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதுகிறது என்பதுதான்.

பல த்ரெட்டுகள் ஓடும் ப்ராசஸில் ஒரு த்ரெட் ஃபோர்க் செய்தால், சேயில் அந்த ஒரு த்ரெட் மட்டுமே இருக்கும். மற்றவை அங்கே பிறப்பதே இல்லை. ஆனால் நினைவகம் முழுவதும் அப்படியே நகலாகிறது, பூட்டப்பட்ட ம்யூட்டெக்ஸ்கள் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டுகள்) உட்பட. ஃபோர்க் நிகழும் அந்தக் கணத்தில் வேறொரு வேலை த்ரெட் பதிவுக் கோப்பின் பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால், சேயின் நகலிலும் பூட்டு பூட்டியபடியே இருக்கும். அதைத் திறக்க வேண்டிய த்ரெட் அங்கு கிடையாது. வீட்டைப் பூட்டியவர் சாவியோடு வேறோர் உலகத்துக்குப் போய்விட்ட மாதிரி. எக்ஸெக் வரை போகாமல் நிற்பதால்தான் அந்த ப்ராசஸ் ஸ்கிரிப்டின் பெயரில் அல்லாமல் சர்வரின் பெயரிலேயே பட்டியலில் தெரிகிறது. பரபரப்பான நேரத்தில் மட்டும் நடப்பதும் இதனால்தான்: பூட்டு பிடிபட்டிருக்கும் கணங்கள் அப்போது அதிகம், அதிலும் பூட்டைப் பிடித்தபடியே கோப்பை ஃப்ளஷ் செய்வீர்களானால் வட்டு தாமதிக்கும் நேரமும் அதில் சேர்ந்துகொள்ளும்.

ஊகத்தோடு நிற்காமல் உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது. அடுத்த முறை ஒன்று நின்றால் அதைக் கொன்றுவிடாமல், ரூட் உரிமையோடு பிழைதிருத்தியான ஜிடிபியை அதில் இணைத்து அழைப்புத் தொடரைப் பாருங்கள். உச்சியில் ஃப்யூடெக்ஸ் காத்திருப்பும், அதன் கீழே பித்ரெட்-ம்யூட்டெக்ஸ்-லாக்கும், அதற்குக் கீழே உங்கள் பதிவு எழுதும் செயற்கூறும் இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. பிறகு அந்த ம்யூட்டெக்ஸ் மாறியை அச்சிடச் சொல்லுங்கள். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் அதன் உள்ளே ஓனர் என்று ஓர் உறுப்பு உண்டு. பூட்டியிருக்கும் த்ரெட்டின் எண் அதில் இருக்கும். அந்த எண்ணை, ப்ராக் கோப்பகத்தில் அந்தச் சேய் ப்ராசஸின் டாஸ்க் என்ற உட்கோப்பகத்தில் தேடுங்கள்.

அதோடு அதே ப்ராக் கோப்பகத்தின் ஸ்டேட்டஸ் கோப்பில் சிக்பிளாக் என்ற வரியையும் பார்த்து எழுதுங்கள். ஒன்றரை நிமிடத்துக்கான காரணம் அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி 2

இதற்கென்றே பித்ரெட்-அட்ஃபோர்க் என்ற செயற்கூறு இருக்கிறதே. ஃபோர்க்குக்கு முன் பதிவுப் பூட்டைப் பிடித்து, பின் தாயிலும் சேயிலும் விடுவித்தால் சிக்கல் தீர்ந்துவிடும். மூன்று சிறு செயற்கூறுகளை எழுதினால் போதும், பெரிதாக எதையும் மாற்ற வேண்டியதில்லை. முந்தைய மறுமொழியில் அதைக் குறிப்பிடாதது ஏன் என்று தெரியவில்லை.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்று மாலை ஒன்று நின்றது. அதைக் கொல்லாமல் வைத்துப் பார்த்தேன்.

அழைப்புத் தொடர் மறுமொழி 1-இல் சொன்னபடியே இருக்கிறது. ம்யூட்டெக்ஸின் ஓனர் 2417 என்று காட்டுகிறது. நின்றுபோன சேயின் எண் 2980. அதன் டாஸ்க் கோப்பகத்தில் 2980 என்ற ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது. 2417 தாய் ப்ராசஸின் டாஸ்க் கோப்பகத்தில் இருக்கிறது. அது வேலை த்ரெட்டுகளுள் ஒன்று, எந்தத் தடையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

சேயின் சிக்பிளாக் வரி 0000000000014003 என்று இருக்கிறது. சிக்இக்னோர் வரி 0000000000001000 என்று இருக்கிறது. இவற்றை எப்படிப் படிக்க வேண்டும்?

அட்ஃபோர்க் யோசனையைச் செய்து பார்க்கலாமா என்பதையும் சொல்லுங்கள். சிபியு வரம்பு விதிக்க வேண்டியிருப்பதால் சேயில் ஓரிரு வேலைகளைச் செய்தே ஆக வேண்டியிருக்கிறது.

மறுமொழி 3

அந்த எண்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கில்மோட் கதை முழுவதும் அவற்றில் அடங்கியிருக்கிறது. அது பதினாறடிமான எண். வலது ஓரத்துப் பிட் 1-ஆம் சிக்னலைக் குறிக்கும். 14003 என்பதை விரித்தால் 1, 2, 15, 17 ஆகிய சிக்னல்கள் வரும்: சிக்ஹப், சிக்இன்ட், சிக்டெர்ம், சிக்சைல்ட். தொடக்கத்தில் தடுத்த அதே நான்கு. சிக்னல் தடுப்பு ஃபோர்க்கிலும் கடந்து போகும், எக்ஸெக்கிலும் கடந்து போகும். தாயில் அவற்றை வாங்கிக்கொள்ள சிக்வெயிட் த்ரெட் இருக்கிறது. சேயில் அந்த த்ரெட் இல்லை, தடுப்பு மட்டும் இருக்கிறது. ஆகவே சிஸ்டம்டி குழுவிலுள்ள எல்லா ப்ராசஸ்களுக்கும் சிக்டெர்ம் அனுப்பும்போது, தாய் ஒழுங்காக முடிந்துவிடும். நின்றுபோன சேய்க்கு அந்தச் சிக்னல் போய்ச் சேராமல் நிலுவையிலேயே கிடக்கும். சிஸ்டம்டி இயல்பாகக் காத்திருக்கும் 90 நொடிகள் கழிந்தபின் சிக்கில் அனுப்பி முடித்துவைக்கும். நீங்கள் கண்ட ஒன்றரை நிமிடம் இதுதான்.

கில்மோட் மாற்றத்தால் காத்திருப்பு மறைந்தது, சேய் மறையவில்லை. அது தாயின் எல்லாக் கோப்பு எண்களின் நகலையும், முக்கியமாகக் காதுகொடுத்துக் கேட்கும் லிசன் சாக்கெட்டின் நகலையும், வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. லினக்ஸில் ஒரு சாக்கெட் லிசன் நிலையில் இருக்கும்வரை அதே முகவரியில் இன்னொன்றைத் திறக்க எஸ்ஓ-ரியூஸ்அட்ரஸ் உதவாது. இன்னும் மோசமானது, அந்த இடைவெளியில் இணைய முயலும் கருவிகளுக்குக் கெர்னல் கைகுலுக்கலை முடித்து வரிசையில் சேர்த்துக்கொள்ளும். அக்செப்ட் செய்ய ஆளில்லாததால், இணைப்பு கிடைத்துவிட்டதாக நினைத்துக் கருவி பதிலுக்குக் காத்திருக்கும். அந்த அமைப்பை உடனே பழையபடி கன்ட்ரோல்-குரூப் என்று மாற்றிவிடுங்கள். நிறுத்தம் மெதுவாக நடப்பது, இப்போதைக்கு, உங்களுக்குச் சாதகமான அறிகுறி.

துண்டித்த இணைப்பு கருவியின் பக்கம் உயிரோடு இருப்பதும் இதே நகல்களால்தான். தாய் க்ளோஸ் செய்தாலும், சேயிடம் இன்னொரு குறிப்பு இருப்பதால் இணைப்பு முடிந்தது என்று சொல்லும் ஃபின் பேக்கெட்டைக் கெர்னல் அனுப்பாது. 100 விழுக்காட்டுச் சுழற்சிக்கும் காரணம் அதுவே, ஆனால் அது எபோலின் நன்கறியப்பட்ட பள்ளம் ஒன்றின் வழியாக வருகிறது. எபோல் கவனிப்பது உங்களிடம் உள்ள கோப்பு எண்ணை அன்று, அதன் பின்னால் கெர்னலில் உள்ள திறந்த கோப்பை. அந்தத் திறந்த கோப்பைக் குறிக்கும் கடைசி எண்ணும் மூடப்படும்வரை எபோல் பட்டியலிலிருந்து அது நீங்காது. தாய் மூடிய சாக்கெட்டில் கருவி தகவல் அனுப்புகிறது, எபோல் படிக்கத் தயார் என்கிறது, த்ரெட் படிக்கப் போகிறது, எண் செல்லாது என்று கெர்னல் திருப்பி அனுப்புகிறது, தகவல் அங்கேயே கிடப்பதால் எபோல் மீண்டும் தயார் என்கிறது. எண் மூடப்பட்டுவிட்டதால் பட்டியலிலிருந்து நீக்கும் அழைப்பையும் இப்போது கொடுக்க முடியாது. எனவே க்ளோஸ் செய்வதற்கு முன் எபோலிலிருந்து வெளிப்படையாக நீக்கிவிடும் பழக்கத்தை நிரலில் கொண்டுவாருங்கள். சேய் உறையாத நிலையிலும் அது நல்லது.

இனி அட்ஃபோர்க். மறுமொழி 2-இல் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது: உங்கள் சொந்தப் பூட்டு ஒன்றே ஒன்று என்றால் அது வேலை செய்யும். ஆனால் சேயில் பதிவு எழுதும்போது பிடிபடும் பூட்டு உங்களுடையது மட்டும்தானா? பதிவு வரியின் தொடக்கத்தில் நேரம் எழுதுகிறீர்கள் என்றால் லோக்கல்டைம்-ஆர் அழைக்கப்படும். ஜிலிப்சியில் நேர வலயத் தகவலுக்கென்று உள்ளே ஒரு பூட்டு இருக்கிறது, அதை வெளியிலிருந்து நீங்கள் பிடிக்கவோ விடவோ முடியாது. ரெடிஸ் என்ற தரவுத்தளம் இதே காரணத்துக்காக, பூட்டு எதுவும் இல்லாத லோக்கல்டைம் ஒன்றைத் தன் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. தரவுத்தள நூலகம், டிஎல்எஸ் நூலகம் ஆகியவற்றின் பூட்டுகள் வேறு. எல்லாவற்றையும் சரியான வரிசையில் பிடிக்க வேண்டும், இல்லையேல் ஃபோர்க்கே முட்டிக்கொண்டு நிற்கும். லினக்ஸின் கையேட்டுப் பக்கமே, இந்த வேலை நடைமுறையில் செய்து முடிக்க இயலாத அளவுக்குக் கடினம் என்று ஒப்புக்கொள்கிறது. பல த்ரெட் ப்ராசஸில் ஃபோர்க்குக்கும் எக்ஸெக்குக்கும் இடையே, சிக்னல் கையாளியின் உள்ளிருந்து அழைக்கத் தக்கவை என்று யூனிக்ஸ் தரநிலையான போஸிக்ஸ் பட்டியலிட்டுள்ள அழைப்புகளை மட்டுமே சேய் பயன்படுத்தலாம் என்பது விதி. ரைட், டூப்2, க்ளோஸ், எக்ஸெக்விஇ, அடிக்கோடிட்ட எக்ஸிட் போன்றவை அதில் உண்டு. ப்ரின்ட்எஃப், சிஸ்லாக், மாலக் கிடையாது. மாலக்கை மட்டும் ஜிலிப்சி தன் பொறுப்பில் சேயில் சரிசெய்துவிடுவதால் பெரும்பாலும் தப்பித்துவிடுவீர்கள். அதை நம்பி எழுதியவர்கள் மஸ்ல் என்ற இன்னொரு சி நூலகத்துக்கு மாறும்போது, 2021-இல் வந்த அதன் 1.2.2 பதிப்புக்கு முன், மாட்டிக்கொண்டதுண்டு.

நான் செய்வது இதுதான்: ஃபோர்க்கை நீக்கிவிட்டு, ஃபோர்க், எக்ஸெக் இரண்டின் வேலையையும் ஒரே அழைப்பில் செய்யும் போஸிக்ஸ்-ஸ்பான் பயன்படுத்துவேன். ஜிலிப்சி 2.24 முதல், அதாவது 2016 முதல், அது வீஃபோர்க் போன்ற முறையில் நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு இயங்குகிறது; எக்ஸெக் நடக்கும்வரை அழைத்த த்ரெட் காத்திருக்கும், இடையில் உங்கள் நிரல் எதுவும் ஓடாது. பக்க அட்டவணை நகலெடுக்கப்படாததால், நினைவகம் பெருத்த சர்வர்களில் வேகமும் கூடும். அதன் பண்புகளில் சிக்னல் தடுப்பைக் காலியாக அமைக்கலாம், புறக்கணிக்கப்பட்ட சிக்னல்களை இயல்புநிலைக்குக் கொண்டுவரலாம். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்: உங்கள் சிக்இக்னோர் வரியில் உள்ள 1000 என்பது 13-ஆம் சிக்னலான சிக்பைப். சர்வருக்கு அதைப் புறக்கணிப்பது சரியே, ஆனால் அது எக்ஸெக்கைக் கடந்து ஸ்கிரிப்டுக்கும் போகிறது. நுழையும்போதே புறக்கணிக்கப்பட்டிருக்கும் சிக்னலை ஷெல் ஸ்கிரிப்ட் ட்ராப் மூலம் மாற்ற முடியாது. ஸ்கிரிப்டுக்குள் பைப் போட்ட கட்டளைகள் விநோதமாக நடந்துகொண்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

சிபியு வரம்புக்கு போஸிக்ஸ்-ஸ்பானில் இடமில்லை என்பது உண்மைதான். ஸ்கிரிப்டின் முதல் வரியில் யூலிமிட் -டி போட்டால் போதும். அதற்காக சி நிரலில் ஃபோர்க்கை வைத்திருக்கத் தேவையில்லை. ஸ்கிரிப்டைத் தொட முடியாத சூழலில், யூட்டில்-லினக்ஸ் தொகுப்பில் உள்ள ப்ரலிமிட் கட்டளையை ஸ்பான் செய்து அதன் வழியே ஸ்கிரிப்டை ஓட்டலாம். பதிவு வரியைத் தாயிலேயே, ஸ்பான் திரும்பிய பின், சேயின் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள்.

மறுமொழி 4

மேலே விரிவாகச் சொல்லப்பட்டவற்றை ஏற்கிறேன். எனினும் ஸ்பானுக்கு மாறினாலும் கோப்பு எண்கள் ஸ்கிரிப்டுக்குள் கசிவது நிற்காது. அதைத் தனியாக அடைக்க வேண்டும்.

அக்செப்ட் செய்துவிட்டு அடுத்த வரியில் எஃப்சிஎன்டிஎல் மூலம் க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் (எக்ஸெக் நடக்கும்போது தானாக மூடு) குறி போடுவது பலருடைய வழக்கம். ஒற்றை த்ரெட்டில் அது சரி. 16 த்ரெட்டுகள் இருக்கும்போது, அந்த இரண்டு வரிகளுக்கும் இடையே இன்னொரு த்ரெட் ப்ராசஸ் ஒன்றை உருவாக்கிவிட்டால், குறி போடப்படாத சாக்கெட் கசிந்துவிடும். இந்த இடைவெளியை ஒழிக்கத்தான் 2008-இல் லினக்ஸ் 2.6.27-இல் சாக்கெட், பைப்2, எபோல்-க்ரியேட்1 முதலியவற்றுக்கும், 2.6.28-இல் அக்செப்ட்4-க்கும், திறக்கும்போதே குறியையும் சேர்த்துப் போடும் வசதி வந்தது. பதிவுக் கோப்பை எஃப்ஓப்பன் மூலம் திறந்தால் பயன்முறைச் சரத்தில் 'இ' எழுத்தைச் சேர்த்தால் அதுவும் அடைபடும்.

நூலகங்கள் திறக்கும் எண்கள் உங்கள் கையில் இல்லை என்பதால், கடைசி அரணாக ஸ்பானின் கோப்புச் செயல்களில், 3 முதல் மேலுள்ள எல்லாவற்றையும் மூடும் க்ளோஸ்ஃப்ரம் செயலைச் சேர்த்துவிடுங்கள், ஜிலிப்சி 2.34-இல் வந்தது, டெபியன் 12-இல் இருப்பது 2.36. பழைய நிரல்களில் காணும், உச்ச வரம்பு வரை ஒவ்வோர் எண்ணாக மூடிச் செல்லும் லூப்பை மட்டும் எங்கிருந்தும் நகலெடுக்க வேண்டாம். சில கன்டெய்னர் சூழல்களில் அந்த வரம்பு 1073741816 என்று இருக்கும். லூப் முடிவதற்குள் வாகனம் மாவட்டம் தாண்டிவிடும்.

சிக்சைல்ட் த்ரெட்டையும் ஒருமுறை பாருங்கள். இரண்டு சேய்கள் அடுத்தடுத்து முடிந்தால் ஒரே ஒரு சிக்சைல்ட் மட்டும் வரக்கூடும், ஏனெனில் இவ்வகைச் சிக்னல்கள் வரிசையில் அடுக்கப்படுவதில்லை. ஒரு சிக்னலுக்கு ஒரு வெயிட்பிஐடி என்று எழுதியிருந்தால் ஸாம்பிகள் (முடிந்தும் பட்டியலிலிருந்து நீங்காத ப்ராசஸ்கள்) சேரும். டபிள்யூநோஹேங் கொடுத்து, மீதமில்லை என்று திரும்பும்வரை சுற்ற வேண்டும்.

கேட்டவர்

வெயிட்பிஐடி ஏற்கெனவே லூப்பில்தான் இருக்கிறது. ஸ்பானுக்கு மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டேன். யூலிமிட் யோசனை எங்களுக்கு முழுமையாகப் பொருந்துகிறது.

ஒப்புகை தவறான கருவிக்குப் போவது பற்றி யாரும் சொல்லவில்லை. அது தொடர்பான நிரல் பகுதியைப் படித்தேன். ஐந்து நிமிடம் பேசாமலிருக்கும் இணைப்புகளைத் துண்டிக்கத் தனியாக ஒரு காவல் த்ரெட் இருக்கிறது. அது இணைப்புப் பட்டியலைச் சுற்றிவந்து, காலாவதியானவற்றின் சாக்கெட்டை நேரடியாக க்ளோஸ் செய்கிறது. வேலை த்ரெட்டுகள் அதே எண்ணை வைத்து ரீட், ரைட் செய்கின்றன. க்ளோஸ் இன்ட்டர் (சிக்னலால் குறுக்கிடப்பட்டது) பிழையோடு திரும்பினால் மறுபடி க்ளோஸ் செய்யும் ஒரு லூப்பும் இருக்கிறது. இதில் தவறு உண்டா?

மறுமொழி 1

தேடிய இடத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

கோப்பு எண் ஒதுக்கும்போது, காலியாக உள்ளவற்றுள் மிகச் சிறியதையே தர வேண்டும் என்பது போஸிக்ஸ் விதி. ஆகவே மூடிய எண் பெரும்பாலும் அடுத்த அக்செப்டுக்கே போய்விடும். ஒரு கருவி நான்கு நிமிடம் ஐம்பத்தொன்பது நொடி மௌனமாக இருந்துவிட்டு ஒரு செய்தி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை த்ரெட் 37 என்ற எண்ணில் அதைப் படித்துவிட்டுத் தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டிருக்கிறது. கடைசி நேரத்தைப் புதுப்பிக்கும் வரி தரவுத்தள வேலைக்குப் பின்னால் இருந்தால், காவல் த்ரெட் அந்த இணைப்பைக் காலாவதியானதாகக் கருதி 37-ஐ மூடிவிடும். அதே மில்லிநொடியில் வேறொரு கருவி இணைகிறது, அதற்கு 37 கிடைக்கிறது. தரவுத்தள வேலை முடிந்து திரும்பும் த்ரெட், முதல் கருவிக்கான ஒப்புகையை 37-இல் எழுதுகிறது. பிழை எதுவும் திரும்பாது, ஏனெனில் 37 செல்லுபடியான எண்தான், உரியவர்தான் மாறிவிட்டார்.

க்ளோஸ் லூப் இதைவிட மோசம். லினக்ஸில் க்ளோஸ் இன்ட்டர் பிழையோடு திரும்பினாலும் எண் அதற்குள் விடுவிக்கப்பட்டிருக்கும்; மறுபடி க்ளோஸ் செய்தால், இடையில் அந்த எண்ணைப் பெற்ற வேறொருவரின் இணைப்பைத்தான் மூடுவீர்கள். அந்த லூப்பைக் கேள்வியின்றி அழித்துவிடுங்கள்.

திருத்தம்: ஒரு சாக்கெட்டை மூடும் உரிமை ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அது வேலை த்ரெட்டாக இருப்பதே இயல்பு. காவல் த்ரெட் ஷட்டவுன் அழைப்பை மட்டும் இருபக்கமும் அடைக்கும்படி கொடுக்கட்டும். அது இணைப்பை முடித்துவைக்கும், எண்ணை விடுவிக்காது. எபோல் அந்தச் சாக்கெட்டை எழுப்பும், வேலை த்ரெட் படித்து 0 பெறும், பட்டியலிலிருந்து நீக்கி அதுவே மூடும். ஆனால் ஷட்டவுனும்கூட இணைப்புப் பதிவேட்டின் பூட்டைப் பிடித்தபடியே நடக்க வேண்டும். வேலை த்ரெட் மூடும்போது அதே பூட்டின் கீழ் பதிவேட்டில் எண்ணை -1 என்று மாற்ற வேண்டும். இல்லையேல் காவல் த்ரெட் பழைய எண்ணைப் படித்துவிட்டு, வேறொருவருக்குப் போன சாக்கெட்டை ஷட்டவுன் செய்யும். ஓட்டையை ஓரடி தள்ளி வைத்ததுபோல்தான் ஆகும். ஒரே இணைப்பின் நிகழ்வை இரண்டு வேலை த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் எடுக்காதபடி எபோல்-ஒன்ஷாட் குறி போட்டிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

ஷட்டவுன், சாக்கெட்டின் நகல் எத்தனை பேரிடம் இருந்தாலும் ஃபின் பேக்கெட்டை அனுப்பிவிடும். எனவே இந்தத் திருத்தத்தை முதலில் செய்தால், கருவிகளின் பக்கம் இணைப்பு உயிரோடு இருக்கும் அறிகுறி மறைந்துவிடும். உறைந்த சேய் மட்டும் கண்ணில் படாமல் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே ஸ்பான் மாற்றத்தை முதலில் முடித்துச் சோதித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

மறுமொழி 2

நேர வலயப் பூட்டு பற்றிய விளக்கம் சரியாகவே இருக்கிறது. வெளி நூலகங்கள் இருக்கும் நிரலில் அட்ஃபோர்க் போதாது என்பதை ஏற்கிறேன். போஸிக்ஸ்-ஸ்பானும் பொருந்தாதவர்களுக்கு இன்னொரு வழியைச் சேர்க்கிறேன். எந்த த்ரெட்டையும் உருவாக்குவதற்கு முன்பே, ஒற்றை த்ரெட் மட்டும் கொண்ட சிறு உதவி ப்ராசஸ் ஒன்றை ஃபோர்க் செய்து, சாக்கெட்பேர் மூலம் அதோடு பேசலாம். ஸ்கிரிப்ட் ஓட்ட வேண்டிய ஒவ்வொரு முறையும் கோரிக்கையை அதற்கு அனுப்பினால், பூட்டுகளோ இணைப்புகளோ இல்லாத அந்த ப்ராசஸ் கவலையின்றி ஃபோர்க் செய்துகொள்ளும். பைத்தானும் இந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது: 3.12-இல், த்ரெட்டுகள் ஓடும்போது ஃபோர்க் செய்தால் எச்சரிக்கை தரத் தொடங்கியது, 3.14-இல் லினக்ஸில் மல்டிப்ராசஸிங்கின் இயல்பு முறையை ஃபோர்க்கிலிருந்து ஃபோர்க்சர்வருக்கு மாற்றிவிட்டது.

மறுமொழி 3

சோதனை பற்றி ஒன்று. த்ரெட் சானிடைசரோ ஹெல்கிரைண்டோ இந்த ஃபோர்க் சிக்கலைக் காட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவை தேடுவது தரவுப் போட்டியையும் பூட்டு வரிசைப் பிறழ்வையும், இங்கே இரண்டும் இல்லை. பதிலாக, சோதனைக்கான பில்டில் பதிவுப் பூட்டைப் பிடித்த பிறகு 50 மில்லிநொடி நானோஸ்லீப் ஒன்றைப் போட்டு, அவசரச் செய்திகளைத் தொடர்ந்து அனுப்பும் சிறு நிரலை ஓட்டுங்கள். பழைய நிரல் சற்று நேரத்திலேயே உறையும். புதியது உறையாமல் ஓடுகிறதா என்பதோடு, ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டின் ப்ராக் கோப்பகத்தில் எஃப்டி உட்கோப்பகத்தையும் பாருங்கள்: 0, 1, 2 தவிர, ஷெல் தானே திறந்து வைத்திருக்கும் ஸ்கிரிப்ட் கோப்பைத் தவிர, எதுவும் இருக்கக் கூடாது. சாக்கெட் என்று ஒரு வரி தெரிந்தாலும், எந்த நூலகம் அதைத் திறந்தது என்பதைக் கண்டறிந்த பின்பே உற்பத்திச் சர்வரில் ஏற்றுங்கள்.